தாஜ் ஹோட்டலைத் திருப்பிக் கட்டிவிட்டார்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். மும்பையின் பழைய வாட்சன் ஹோட்டல் பற்றி முன்பு நான் பேசியதைக் கேட்ட நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மும்பை தாஜ் மஹால் ஹோட்டலை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிக் கட்டிவிட்டார்களாம். வரைபடம் போட்ட வெள்ளைக்காரர் சீமையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, மனம் உடைந்து மாடியிலிருந்து குதித்துவிட்டாராம். உண்மையா ஐயா?"

இந்தக் கதையை நானும் மும்பையில் ஒரு டாக்சிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். எந்த ஜன்னல் என்றுகூடக் கையை நீட்டிக் காட்டினார்! பெரிய பாலம், பெரிய அணை என்றால் நம் ஆட்களுக்கு ஒரு நரபலிக் கதை இருந்தாக வேண்டும். ஹோட்டல் மட்டும் விதிவிலக்கா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரைபடம் போட்டவர் வெள்ளைக்காரரே இல்லை. சீதாராம் கண்டேராவ் வைத்யா என்ற இந்தியர். அவரோடு டி.என். மிர்சா. வைத்யா 1900-லேயே காலமாகிவிட்டார், ஹோட்டல் திறந்தது 1903 டிசம்பரில். கட்டி முடிந்ததை அவர் பார்க்கவே இல்லை, அப்புறம் எங்கே குதிப்பது? மீதி வேலையை டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் முடித்தார். அவரும் குதிக்கவில்லை.

வாசல் ஏன் கடலைப் பார்க்காமல் ஊரைப் பார்த்து இருந்தது? குதிரை வண்டி ஊர்ப்பக்கத்திலிருந்துதானே வரும். காற்றும் காட்சியும் உள்ள கடல்பக்கத்தை அறைகளுக்கு விட்டுவிட்டார்கள். இன்று நாம் நின்று படம் எடுக்கும் கேட்வே ஆஃப் இந்தியா அப்போது கிடையாது. அதைத் திறந்தது 1924-ல். அது வந்த பிறகுதான் எல்லோரும் கடல்பக்கம் நின்று ஹோட்டலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழைய வாசல் இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம். அவ்வளவுதான்.

ஆனால் நான் எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். பழைய ஹோட்டலுக்குப் போனால் தூணையும் மாடத்தையும் ஒருமுறை பாருங்கள், போதும். அங்கே யார் சம்பளம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். வாட்சனில் பரிமாறுவதற்கு இங்கிலாந்திலிருந்து பெண்களை வரவழைத்ததைச் சொன்னேன் இல்லையா, அதுபோல.

தாஜில் அப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் தெரியுமா? ஜாஸ்! அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த இசை அது. 1930-களின் நடுவில் லியோன் ஆபி என்ற வயலின்காரர் தன் கறுப்பின அமெரிக்கக் குழுவோடு தாஜ் நடன அரங்குக்கு வந்தார். அடுத்து கிரிக்கெட் ஸ்மித், டிரம்பெட் ஊதுபவர். அப்புறம் டெடி வெதர்ஃபோர்ட், பியானோ. இவர் ஷாங்காயில் வாசித்தவர், பிறகு கல்கத்தா போய் அங்கேயே 1945-ல் காலராவில் இறந்துபோனார். சொந்த நாட்டில் பல ஹோட்டல்களில் மேடையில் வாசிக்கலாம், அறை கேட்க முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள் இவர்கள். எனக்கு அந்த மாடத்தைவிட இது பெரிய விஷயம்.

இவர்களைக் கேட்டுப் பழகிய கோவாக்காரர்கள் இருந்தார்களே, அவர்களைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. சின்ன வயதிலேயே மாதாகோவில் பள்ளியில் மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றவர்கள். மிக்கி கொரியா என்பவர் 1939 முதல் 1960 வரை தாஜில் குழு நடத்தினார். இருபத்தோரு வருஷம்! சிக் சாக்லேட் என்று ஒருவர், இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ், அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரி டிரம்பெட் ஊதுவார். அவரும் தாஜில் வாசித்தவர்தான்.

1949-ல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடி இல்லாத நடன அரங்குக்கு யார் வருவார்கள்? ஏற்கனவே பகலில் சினிமா ஸ்டூடியோவுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள், இப்போது அதையே பெரிதாக நம்ப வேண்டியதாயிற்று. இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார், இவர்கள் அதை எழுதி, எந்த வாத்தியம் எங்கே என்று பிரித்துக் கொடுப்பார்கள். சிக் சாக்லேட் அப்படி சி. ராமச்சந்திராவிடம் வேலை பார்த்தார். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' இசையமைப்பாளர் என்றால் உங்களுக்குத் தெரியும். 1951-ல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் சிக் சாக்லேட்டே குழுவோடு திரையில் வருகிறார், பாருங்கள். அந்தத் துள்ளல் தாஜ் மாதிரி ஹோட்டல் மேடைகளில் பழகியது. சம்பளம் வாங்கியவர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தாஜ் வாங்கி வைத்திருக்கும் ஹுசேன், கைதொண்டே ஓவியங்களைப் பற்றியும் யாராவது கேளுங்கள். அதற்குத் தனியாகவே பேச வேண்டும். இப்போது அடுத்த கேள்விக்குப் போகலாம்.