மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம். நான் கல் பதிக்கும் வேலை செய்கிறவன். அதனாலோ என்னவோ, என்னிடம் பேச வருகிறவர்கள் முதலில் விரலைத்தான் நீட்டுவார்கள். "வாங்குனப்ப என்னமா மின்னுச்சு, இப்ப கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்கே, கல்ல மாத்திட்டாங்களோ?" என்பார்கள். கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்ப்பேன். கல்லுக்கு அடியில், விரல் படும் பக்கத்தில், சோப்பும் கிரீமும் தோல் அழுக்கும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும்.

கல் மின்னுவதே அந்த அடிப்பக்கத்தால்தான். மேலே நுழைகிற வெளிச்சம் அடியில் உள்ள பட்டைகளில் மோதித் திரும்பி வர வேண்டும். அங்கே பிசுக்கு படிந்தால் பாதி வெளிச்சம் கீழேயே கசிந்து போய்விடும். வைரத்துக்கு இது இன்னும் மோசம். அதில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பசை உடனே ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசைமேல் உடைத்த கல்லைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டி நிற்கும் வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான்.

சரி, எப்படிக் கழுவுவது? ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. கால் மணி நேரம் ஊறட்டும். அப்புறம் குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால், மேலே அல்ல, அடியிலிருந்து தேய்க்க வேண்டும். இன்னொரு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். துணியின் நூல் எங்காவது மாட்டி இழுத்தால், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பற்பசை வேண்டாம். அதிலுள்ள பொடி தங்கத்தில் மெல்லிய கீறல் போடும். பிளீச் பக்கமே போகாதீர்கள். குளோரின் தங்கத்தோடு கலந்துள்ள உலோகங்களை அரித்து, கொக்கியை உடைய வைத்துவிடும்.

ஆனால் நான் சொன்ன கழுவல் எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. வைரம், மாணிக்கம், நீலம் தாங்கும். அதிலும் விரிசலுக்குக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் என்றால் எலுமிச்சை, வினிகர் எதுவும் படக்கூடாது. மரகதம் தனி ரகம். ஒரு அம்மா பச்சைக்கல் மோதிரத்தைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, கல் வெடித்துவிட்டது என்று பதறி வந்தார். வெடிக்கவில்லை. மரகதத்தில் இயற்கையாகவே மெல்லிய விரிசல்கள் இருக்கும். அவை தெரியாமல் இருக்கத்தான் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றுகிறார்கள். சூட்டில் அந்த எண்ணெய் வெளியேறிவிட்டது. மறுபடி ஏற்றலாம், ஆனால் அது வீட்டு வேலை அல்ல.

முத்து, பவளம் இரண்டும் சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் கரையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஊறவைக்க வேண்டாம். காய்ந்த துணியால் தூசியைத் தேய்க்கவும் கூடாது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் தூசியில் உள்ள மணல் துகளுக்கு 7, முத்துக்கோ 3 பக்கம்தான். ஓபல் என்ற கல்லுக்குள் தண்ணீரே இருக்கிறது, சூடு காட்டினால் வெடிப்பு விடும். அடிப்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங் மோதிரத்தையும் ஊறவைக்காதீர்கள். உள்ளே பளபளப்புக்கு வைத்த தகடு கறுத்துவிடும்.

இன்னொன்று. கழுவுவதற்கு முன் மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். சலசலவென்று சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. கேட்காவிட்டாலும் வாஷ்பேசினில், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டாம். "உங்க பேச்சைக் கேட்டுக் கழுவினேன், கல் கழன்று வந்துடுச்சு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் ஒருவர் உண்டு. பார்த்தால் கொக்கி இரண்டு தேய்ந்து எப்போதோ போயிருந்தது. அதுவரை கல்லைப் பிடித்துவைத்திருந்தது அந்த அழுக்குதான். நல்லவேளை, கிண்ணத்தில் கழுவியிருந்தார்.