சங்கம் யாருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்?

தலைவர் அவர்களே, அதிபர்மாரே, ஆசிரியத் தோழர்களே, வணக்கம்.

தொழில் தருபவருக்கு விசுவாசமா, சங்கத்துக்கா, செய்யும் தொழிலுக்கா என்று கேட்டு என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். மூன்றுக்கும்தான் என்று சொல்லி இறங்கினால் கைதட்டுவீர்கள். மூன்றும் முட்டிக்கொள்ளும் நாளில் என்ன செய்வது?

2021 ஐ எடுங்கள். ஜூலை 12 இல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம்; ஒக்டோபர் 25 இல்தான் பாடசாலைக்குத் திரும்பினோம். 24 வருடமாக இழுபட்ட சம்பள முரண்பாடு. கோரிக்கையில் நியாயம் இருந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்த நாட்டில் அத்தனை நாள் ஒன்றாக நின்றது சின்ன விசயமில்லை. ஆனால் அப்போது, நம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார்: "படுவான்கரையில பாதிப் பிள்ளைகளுக்கு சிக்னலே இல்ல, நாம நிப்பாட்டினதால என்ன நட்டம்?" ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது நம் எல்லோர் மீதும் வாசித்த குற்றப்பத்திரிகையாகக் கேட்டது.

காலையில் குருமண்வெளித் துறையில் போய் நின்று பாருங்கள். வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிவிட்டு, ஹெல்மட்டைக் கழற்றாமலே சீற்றில் கொப்பியை வைத்துப் பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியைகளைக் காண்பீர்கள். மண்டூரில் இறங்கி இன்னும் உள்ளே போக வேண்டும். இவர்களுக்கு ஒரு விடுதியோ நல்ல குடிதண்ணீரோ கொடுக்காமல் விசுவாசம் கேட்க வலயக் கல்வி அலுவலகத்துக்கு வாய் வரக்கூடாது.

அதே பாதையில் இன்னொரு வகையினரும் வருவார்கள். நியமனம் கிடைத்த கையோடு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு இடமாற்றம் கேட்பவர்கள். கையில் அரசியல்வாதியின் சிபாரிசு. போதாததற்கு சங்கத்தின் கடிதம். ஏன் கொடுக்கிறோம்? 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதியலாம். நாம் மறுத்தால் அவர் அடுத்த சங்கத்துக்குப் போய்விடுவார், சந்தாவும் போய்விடும். பயம் அவ்வளவுதான்.

ஓர் ஆசிரியர்மீது முறைப்பாடு வந்தால், நியாயமான விசாரணை முடியும்வரை சங்கம் அவர் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். வராத நாளுக்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தவருக்காக அதிபரை மிரட்டப் போகக்கூடாது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவருகிறேன்: கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடியாதவருக்கு, கடும் நோய் தவிர்ந்த காரணத்துக்காகச் சங்கம் இடமாற்றக் கடிதம் கொடுக்காது. வழிமொழிய ஒருவர் வேண்டும். பின்வரிசைத் தம்பிமாரே, யார் கை தூக்குகிறீர்கள்?