வைரஸின் பாடபேதங்கள்

(நாமக்கல்லில் கோழிப்பண்ணையாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஓலைச்சுவடியைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவர்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஓரிரு எழுத்துகள் பிறழ்ந்துவிடும். அந்தப் படியைப் பார்த்து எழுதும் அடுத்தவர் பிறழ்ச்சியையும் சேர்த்தே எழுதுவார். பதிப்பாசிரியர்கள் அதற்குப் பாடபேதம் என்று பெயரிட்டார்கள். வைரஸ் மாறுவதும் ஏறத்தாழ இப்படித்தான். நம் உடலின் செல்கள் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது உடனுக்குடன் ஒப்பிட்டுத் திருத்தும் நொதிகள் உண்டு. ஃபுளூ வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவில் உள்ள ஏறத்தாழ 13,500 எழுத்துகளுக்கு அவ்வாறு மெய்ப்புப் பார்ப்பவர் எவருமில்லை. அதைவிட இரு மடங்குக்கும் நீளமான கொரோனா வைரஸிடம் திருத்தும் நொதி ஒன்று இருப்பதால் அதில் பிழைகள் குறைவாகவே நேர்கின்றன.

வைரஸ் தந்திரமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அதற்குத் தந்திரம் ஏது? பிழைகளில் பெரும்பகுதி வைரஸையே கெடுத்துவிடும். எப்போதோ ஒன்று அதற்குச் சாதகமாக அமைய, அந்தப் படி மட்டும் பெருகுகிறது. ஆகவே, பிழை எந்த இடத்தில் விழுகிறது என்பதே கேள்வி.

நீங்கள் நன்கறிந்த கோழி நோயான வெள்ளைக் கழிச்சலையே எடுத்துக்கொள்வோம். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பிலுள்ள எஃப் என்னும் புரதத்தைக் கோழியின் நொதி ஒன்று ஓரிடத்தில் வெட்டித் தர வேண்டும். தடுப்பூசியாக நீங்கள் கொடுக்கும் லசோட்டா வகையில், மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள நொதிகளே அவ்விடத்தை வெட்ட முடியும். அதே இடத்தில் புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்கள் சில மாறிவிட்டால் உடலின் அநேகமாக எல்லா உறுப்புகளிலும் உள்ள நொதிகள் வெட்டிவிடும். கோழி மொத்தமாகச் சாயும். ஆஸ்திரேலியாவில் 1998-இல் வீரியமற்ற வைரஸ் ஒன்று இவ்வாறே கொடியதாயிற்று. ஃபுளூ வைரஸின் எச்5, எச்7 வகைகளால் வரும் பறவைக் காய்ச்சல்களும் இதே வழியில்தான் கடுமையடைகின்றன.

ஃபுளூவுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இரு வேறு ஃபுளூ வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்தால் துண்டுகள் கலந்து புதியதொன்று பிறக்கலாம். 1957-இல் மூன்று துண்டுகளும் 1968-இல் இரண்டு துண்டுகளும் பறவை வைரஸிலிருந்து மனித வைரஸுக்கு வந்து சேர்ந்தன. உலகமே காய்ச்சலில் படுத்தது.

படியெடுக்கும் பிழைகளால் ஃபுளூ ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால்தான், அதன் தடுப்பூசியில் எவ்வகைகள் இடம்பெற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. தட்டம்மையும் ஆர்என்ஏ வைரஸ்தான். எனினும் அதன் மேற்பரப்புப் புரதங்கள் மாற்றத்தை எளிதில் தாங்குவதில்லை என்பதால், 1954-இல் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து உருவான தடுப்பூசிகள் இன்றும் பயன்படுகின்றன.

மருந்திலும் இதே சிக்கல்தான். எச்ஐவிக்கு 1987-இல் வந்த ஏஇசட்டி என்னும் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது, அதற்கு மசியாத வைரஸ்கள் விரைவிலேயே தலைதூக்கின. 1990-களின் நடுவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. மூன்றையும் ஏய்க்கும் பிழைகள் ஒரே படியில் ஒன்றாக விழுவது மிக அரிது.

உங்கள் பண்ணைக்கு வருகிறேன். கோழிகள் திடீரென்று சாகும்போது, செய்தி வெளியே போகக்கூடாதென்று குழி தோண்டிப் புதைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான், நான் சொன்ன அந்த வெட்டுமிடத்தின் எழுத்துகளைப் படித்து, வந்திருப்பது எவ்வகை என்று சொல்ல முடியும். அந்த நாட்களில் ஷெட்டில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் கண்டால், தாம் கோழிகளோடு பழகியதை மருத்துவரிடம் அவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.