நாய்க்கு அந்தக் கடையில் என்ன வேலை?

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பின்வரிசையில் நிற்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

கடைக்கும் ஓட்டலுக்கும் நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் நான். வீட்டில் இப்போதும் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. "டாக்டர் நாய் பக்கம்தான் பேசுவார்" என்று உள்ளே வரும்போதே ஒரு நண்பர் சொன்னார். ஆமாம், நாய் பக்கம்தான் பேசப்போகிறேன். அந்தப் பக்கம் நின்று பார்க்கிறதால்தான் சொல்கிறேன், கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரே ஒரு வகை நாய்க்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தைய வாரம். துணி எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். கால் வைக்க இடமில்லாத கூட்டம். மைக்கில் விடாமல் தள்ளுபடி அறிவிப்பு. புடவைப் பிரிவில் ஒரு குடும்பம், கூடவே ஒரு பீகிள் நாய். கழுத்தில் சரிகை நாடா கட்டியிருந்தார்கள். குழந்தைகள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். நாய் வாயை அகலத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. "பாருங்க சார், எப்படிச் சிரிக்குது!" என்றார் அதைப் பிடித்திருந்த தம்பி.

நான் தரையைப் பார்த்தேன். கறுப்பு கிரானைட். அந்த நாய் நடந்த வழியெல்லாம் ஈரமான பாதத் தடம் விழுந்திருந்தது. ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைய மறைய, புதிது புதிதாக விழுந்துகொண்டே இருந்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் பாதத்தில்தான் வியர்க்கும். வெயிலில் வியர்க்கும், பயத்திலும் வியர்க்கும். பரீட்சை அறையில் நமக்கு உள்ளங்கை ஈரமாகிறதே, அதே மாதிரி. அந்தக் கடையில் ஏ.சி. குளிர் எலும்பு வரை ஏறியது. அங்கே அது வெயிலுக்கு வியர்க்கவில்லை.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. நாய் மேல் உயிராக இருக்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் நாய் பேசுகிற பாஷை அவருக்குத் தெரியவில்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும், எதிரில் சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்கும், கண் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும், நனையாத உடம்பைச் சிலிர்த்து உதறும். இதெல்லாம் "என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ" என்று அது சொல்கிற விதம். நாய் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த நாலு அடையாளத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைக்கிற அளவுக்கு இதுவும் முக்கியம்.

நம் காது சுமார் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45 ஆயிரம் வரை போகும். நமக்குக் கேட்கவே கேட்காத மின்கருவிகளின் கீச்சொலியெல்லாம் அதன் காதில் விழும். அதற்கு மேல் அந்த மைக் வேறு. மூக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சென்ட், ஊதுபத்தி, பினாயில், நூறு பேர் செருப்பு எல்லாம் ஒரே நேரத்தில் அதன் மேல் வந்து இறங்குகிறது. வழவழப்பான தரையில் நகம் ஊன்றாமல் சறுக்கும். நகரும் படிக்கட்டு இன்னும் மோசம். படி முடிகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதில் பாதம் மாட்டி, விரலிடைத் தோல் கிழிந்து, மயக்க மருந்து கொடுத்து நான் தையல் போட்டிருக்கிறேன். கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது.

சரி, ஓட்டலுக்கு வருவோம். பிரியாணிக் கடையில் மேசைக்கடியில் என்ன விழும்? வெந்த கோழி எலும்பு. வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும், குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் போடுகிற காய்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான். நம் சமையலறையின் உயிர்நாடியான பொருள்களே அதற்கு ஆகாது. அப்புறம் எதற்கு அந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்?

சட்டமும் இதைச் சொல்கிறது. உணவுத் தொழில் உரிமம் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நான்காவது அட்டவணை, உணவகப் பகுதிக்குள் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விடக்கூடாது என்கிறது. சர்வர் "உள்ளே வேண்டாம் சார்" என்று சொன்னால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் தன் வேலையைச் செய்கிறார்.

இனி மனிதர்கள் பக்கம். "என் நாய் கடிக்காது" என்று சொல்லாத நாய்க்காரரை நான் பார்த்ததில்லை. கூட்டத்தில், குட்டையான கயிற்றில் நிற்கிற நாய்க்கு ஓட வழியில்லை. பயந்த பிராணி முதலில் ஓடப் பார்க்கும், ஓட முடியாவிட்டால் பல்லைத்தான் காட்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், ஒரு மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். தெருநாய்கள் இல்லை அவை. வீட்டில் வளர்த்தவை.

வெளிநாட்டில் விடுகிறார்களே என்று கேட்கிறார்கள். பாரிஸில் உணவகத்தில் மேசைக்கடியில் நாய் படுத்திருப்பது சாதாரணம். பிரிட்டனில் சமையல் நடக்கிற இடத்தில்தான் கூடாது, சாப்பிடுகிற இடத்தில் விடலாமா வேண்டாமா என்பது கடைக்காரர் விருப்பம். ஆனால் அங்கேயும் இங்கேயும் பயத்தின் அளவு ஒன்றில்லை. வீட்டு விலங்குகளிடமிருந்து வெறிநோய் பரவுவதை 1922-லேயே பிரிட்டன் ஒழித்துவிட்டது. லண்டனில் ஒருவர் நாயைப் பார்த்துப் பயந்தால் கடிக்குப் பயப்படுகிறார். நம் ஊரில் பயப்படுகிறவர் சாவுக்குப் பயப்படுகிறார். உலகத்தில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரிந்துவிட்டால் அனேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை.

இந்த அரங்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி ஞாபகம் இருக்கும். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாரானது. இப்போது அந்த ஊசி இல்லை. கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. (கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.) ஊசி போனாலும் பயம் போகவில்லை. வயிற்றில் அந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு அம்மா, மளிகைக் கடையில் உங்கள் நாயைக் கண்டதும் சாமானைப் போட்டுவிட்டு வெளியே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா நில்லுங்கம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வது அவருக்குப் பதில் ஆகாது. அந்தக் கடை அவருக்கும் கடைதான்.

காயல்பட்டினத்திலிருந்து வருகிற என் நண்பர் ஒருவர், நான் என் கால்நடை மருத்துவமனையில் இருந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. அவருக்கு நாய் மேல் வெறுப்பு கிடையாது. அவர் வீட்டுக் கன்றுக்கும் ஆட்டுக்கும் நான்தான் வைத்தியம். ஓட்டலில் பக்கத்து மேசை நாய் அவர் வேட்டியை ஒரு நக்கு நக்கினால் அவருடைய அன்றைய தொழுகைக்கு முன் எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள். நாய் முடியால் மூச்சிரைப்பு வருகிற குழந்தைகளும் இருக்கிறார்கள். அது முடி மட்டும் இல்லை, எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதம். நாய் போன பிறகும் நாற்காலியில் தங்கும்.

அதற்காக எல்லாக் கடையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தெருவைப் பார்த்துக் கல்லா இருக்கிற மருந்துக் கடையில், நாயைக் கையில் பிடித்தபடி வெளியில் நின்று மாத்திரை வாங்குவதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. டீக்கடை வாசலில் ஒரு பொறை வாங்கிப் போடுவது நம் ஊர் வழக்கம், அது நீடிக்கட்டும். ஆனால் "உள்ளே விடமாட்டார்கள், காரிலேயே இருக்கட்டும்" என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். நின்ற காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சித்திரை மாதத்தில் காரிலிருந்து தூக்கி வந்த ஒரு பக் நாயை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பெண் பிள்ளை என் மேசையில் தலையை வைத்து அழுதது.

"தனியா விட்டுட்டுப் போனா பாவமில்லையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. பாவம்தான், நாள் முழுக்க விட்டால். கடைக்குப் போகிற இரண்டு மணி நேரம் பாவமில்லை. கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப் போங்கள். நீங்கள் இழுக்காதீர்கள், அது நிற்கிற இடத்தில் நில்லுங்கள். மோந்து பார்க்க விடுங்கள். ஒரு மின்கம்பத்தை மூன்று நிமிடம் மோந்தால் மூன்று நிமிடம் காத்திருங்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அதுவே ஃபேன் அடியில் படுத்துத் தூங்கும். என் சிப்பிப்பாறை அப்படித்தான் இப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு வகை நாய்க்கு வருகிறேன். பார்வையற்றவரை வழிநடத்துகிற நாய். முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரத்தில் 1916-இல் இதற்கென்று முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். குட்டியிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் பழக்குகிறார்கள். கடை, ரயில், கூட்டம், சத்தம் எல்லாவற்றிலும் நிதானமாக இருக்கிற நாயைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், மற்றவற்றைக் கழித்துவிடுகிறார்கள். எஜமானர் "போ" என்று சொன்னாலும், எதிரில் வண்டி வந்தால் கீழ்ப்படியாமல் நிற்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைச் செல்லப்பிராணி என்று சொல்லக் கூடாது. அவருடைய கண் அது. கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று யாரிடமாவது சொல்வோமா?

அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டத்தின்படி கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: உடல் குறைபாட்டுக்காகத் தேவைப்படுகிற நாயா, என்ன வேலைக்குப் பழக்கியது? அதற்கு மேல் கூடாது. இதைப் பயன்படுத்திக்கொண்டு, வீட்டு நாய்க்கு ஒரு சட்டையை மாட்டி வேலை நாய் என்று பொய் சொல்லி உள்ளே கொண்டு போகிறவர்கள் அங்கே பெருகிவிட்டார்கள். பல மாநிலங்கள் அதைக் குற்றமாக்க வேண்டியதாயிற்று. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பழக்காத நாய் ஒன்று பாய்ந்து ஒரு வழிகாட்டி நாயைக் கடித்துவிட்டால், இரண்டு வருடப் பயிற்சி அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிவிடலாம். நம் ஆசைக்கு நாயை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் போய், கடைக்காரர் வெறுத்து எல்லா நாய்க்கும் கதவைச் சாத்தினால், அந்தக் கதவில் முட்டிக்கொள்ளப் போகிறவர் பார்வையற்றவர்தான்.

நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் மிக மிகக் குறைவு. ஆனால் 1890-லேயே பார்வையற்றோருக்குப் பள்ளி கண்ட ஊர் இது. வேறு எந்த ஊருக்கும் முன்னால் நம் கடைகள் தயாராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் நாயோடு ஓட்டலுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஓட்டல் நடத்துகிற அண்ணாச்சி ஒருவர் எழுந்து கேட்டார். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், அண்ணாச்சி. வழியில் இல்லாமல் சுவரை ஒட்டின ஒரு மேசை கொடுங்கள். நாய் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைத் தடவ வேண்டாம், விசில் அடிக்க வேண்டாம், பொறை நீட்ட வேண்டாம், அது வேலையில் இருக்கிறது. வந்தவரிடம் பேசுங்கள். "இலை போட்டாச்சு சார், தண்ணி உங்க இடது கைப் பக்கம் வச்சிருக்கேன். என்ன சாப்பிடுறீங்க?"