ஜோகன்னஸ்பர்க் சாலையும் மினிபஸ் டாக்சியும்

(ஜோகன்னஸ்பர்கில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்.)

அவையோருக்கு வணக்கம்.

இந்த ஊரில் நம்மவர்கள் நான்கு பேர் கூடினால், மின்வெட்டையும் விசாவையும் பேசி முடித்த பிறகு பேச்சு வந்து நிற்கும் இடம், வழியில் ஆட்களை ஏற்றி இறக்கி ஓடும் வேன் போன்ற மினிபஸ் டாக்சிதான். சாலையோர மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஏறி இடப்பக்கமாக முந்தினான், வலப்பக்கம் திரும்புவோருக்கான தடத்தில் வந்து நேராகப் போனான், ராபட் (இங்கே சிக்னல் விளக்குக்கு அதுதான் பெயர்) சிவப்பு காட்டியும் மூக்கை நுழைத்தான் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். அந்தக் கதைகளை நான் மறுக்கப் போவதில்லை. வின்னி மண்டேலா சாலையில் காலை ஏழு மணிக்குக் கார் ஓட்டுகிற எவரும் மறுக்க முடியாது. ஆனால் கதையின் முடிவில், "இந்த ஆட்களே இப்படித்தான்" என்றொரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது. அது அநியாயமான பேச்சு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது எதையும் விளக்கவில்லை என்பதே என் குறை. ஒரே மனிதன் ஞாயிற்றுக்கிழமை தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நிதானமாக ஓட்டுகிறான், திங்கட்கிழமை காலையில் உயிரைப் பணயம் வைக்கிறான் என்றால், காரணத்தை அவன் குணத்தில் தேடிப் பயனில்லை. திங்கட்கிழமையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே குடியமர்த்தியது. உழைப்பு மட்டும் அதற்கு நகரத்துக்குள்ளே தேவைப்பட்டது. சொவெட்டோ முதலிய குடியிருப்புகளிலிருந்து ரயிலும் மானியப் பேருந்தும் ஓடின; அவை போதவில்லை, போன இடங்களும் எல்லோருக்கும் பயன்படவில்லை. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் வண்டி பேருந்தாகக் கருதப்பட்டதால், எட்டுப் பேர் வரை ஏற்றிக்கொண்டு டாக்சி என்ற பெயரில் ஓட்ட ஒரு வழி பிறந்தது. பிறகு 1988இல் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் வந்தது. பதினாறு இருக்கை வண்டிகள் சட்டபூர்வமாயின. உள்ளூர் வாரியங்கள் கேட்டவர்களுக்கெல்லாம் அனுமதி வழங்கின. தடம் பிரித்துக் கொடுக்கவும் கால அட்டவணை வகுக்கவும் தகராறு தீர்க்கவும் அரசில் ஆளில்லாததால் அந்த வேலைகளை டாக்சி உடைமையாளர்களின் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. அவற்றுக்குள் மூண்ட தடச் சண்டைகளில் துப்பாக்கிகள் பேசின, இன்றும் பேசுகின்றன. டர்பனில் இந்திய வம்சாவளியினர், அவர்களுள் தமிழர்களும், பல தலைமுறைகளாக நடத்திவந்த தனியார் பேருந்துத் தொழில் தேய்ந்ததற்கும் இந்த மாற்றம் ஒரு காரணம்; அது தனியே பேச வேண்டிய வரலாறு.

இன்றைய நிலை என்ன? 2020ஆம் ஆண்டின் தேசிய வீட்டுப் பயணக் கணக்கெடுப்பின்படி, பொதுப் போக்குவரத்தில் வேலைக்குச் செல்வோரில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு டாக்சியில்தான் செல்கிறார்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் அரசு மானியம் தருகிறது. பெரும்பாலோர் ஏறும் டாக்சிக்கு அன்றாட ஓட்டத்துக்கான மானியம் இல்லை. ரயிலோ கேபிள் திருட்டிலும் நிர்வாகச் சீர்கேட்டிலும் குலைந்து, 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் நிலையங்களின் கதவு, ஜன்னல், கூரை வரை பெயர்த்துச் செல்லப்பட்ட நிலைக்கு வந்தது. ஆக, இந்த நகரத்தின் சமையலறைகளும் மருத்துவமனைகளும் கட்டுமானத் தளங்களும் காலையில் திறப்பது டாக்சியை நம்பித்தான்.

இனி வண்டிக்குள் வருவோம். நம்மில் பெரும்பாலோர் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாலையோரம் நின்று ஆள்காட்டி விரலை மேல்நோக்கிக் காட்டினால் நகர மையத்துக்குப் போக வேண்டும் என்று பொருள். விரலைக் கீழ்நோக்கிக் காட்டினால் பக்கத்திலேயே இறங்கும் பயணம். வண்டி நிற்கும், நகரும் கதவு திறக்கும், உட்கார்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். பின்வரிசையிலிருந்து காசு கைமாறிக் கைமாறி முன்னே வரும்; ஓட்டுநருக்கு அருகே உட்கார்ந்திருப்பவர்தான் கணக்காளர். எந்த வரிசையில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு மீதி என்பதை அவர்தான் கணக்கிட்டுத் தர வேண்டும். கணக்கில் தயக்கம் உள்ளவர்கள் அந்த இருக்கையைத் தவிர்ப்பார்கள். ஒருமுறை நான் அங்கே அமர்ந்து மீதிச் சில்லறையில் தடுமாறியபோது, பின்னாலிருந்த ஒரு பாட்டி என் கையிலிருந்த காசை வாங்கி, அரை நிமிடத்தில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். டிக்கெட் இல்லை, நடத்துநர் இல்லை, சண்டையும் இல்லை. வெளியே இத்தனை ஒழுங்கற்று ஓடுகிற வண்டிக்குள் இவ்வளவு ஒழுங்கு இருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தக் காசு எங்கே போகிறது என்பதில்தான் நம் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. வண்டி பெரும்பாலும் ஓட்டுநருடையது அல்ல. உடைமையாளருக்கு நாளுக்கோ வாரத்துக்கோ இவ்வளவு என்று கட்ட வேண்டும். பெட்ரோல் போக மிஞ்சுவது ஓட்டுநருக்கு. நம்மூரில் வாடகை ஆட்டோ ஓட்டுபவருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டியதில்லை. டாக்சித் தொழிலுக்கெனக் குறைந்தபட்ச ஊதியமும் வேலைநேர வரம்பும் 2005ஆம் ஆண்டிலேயே அரசாணையாக வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலான ஓட்டுநர்களின் வருமானம் இன்னமும் இருக்கைகளை எத்தனை முறை நிரப்பினார் என்பதையே பொறுத்திருக்கிறது. காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். பகலில் வண்டி ரேங்கில், அதாவது டாக்சி நிலையத்தில், வரிசையில் காத்துக் கிடக்கும். காலை நெரிசலில் கூடுதலாக ஒரு நடை அடித்தால் அன்றைய வரும்படி தேறும், இல்லாவிட்டால் உடைமையாளருக்குக் கட்டியதோடு சரி. மஞ்சள் கோட்டுக்கு வெளியே அவர் ஏறுவது அந்த ஒரு நடைக்காக.

மீதிப் பாதி விடை தண்டனையைப் பற்றியது. இங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1996ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் காருக்கு 120 கிலோமீட்டர், டாக்சிக்கு 100 என்று வரம்பு இருக்கிறது. ஓட்டுநருக்குத் தனியாகத் தொழில்முறை அனுமதிச்சீட்டு வேண்டும். ஆனால் ஓட்டுநருக்கும் அபராதத்துக்கும் இடையே ஏகப்பட்ட ஓட்டைகள். கேமரா பிடிக்கும் அபராதம் வண்டியின் உரிமையாளர் பெயருக்குப் போகிறது. ஓட்டியவர் யார் என்ற கேள்வி அங்கேயே தொலைந்துவிடுகிறது. கட்டாத அபராதம் கட்டாமலே குவிகிறது. சாலைத் தடுப்புச் சோதனை ஈஸ்டருக்கும் டிசம்பருக்கும் பரபரப்பாக நடக்கிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், அதுதான் பெரும்பாலான நாள், சந்தியில் ஒரு சீருடையையும் காண முடியாது. கண்டாலும், கூல்ட்ரிங்க் வாங்கித் தருகிறாயா என்று நாகரிகமாக லஞ்சம் கேட்டு விஷயத்தை முடித்துக்கொள்பவரும் அவர்களில் உண்டு. காவலர்களும் அரசு அலுவலர்களும் தாங்களே டாக்சிகளை வைத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1990களிலிருந்து தொடர்கிறது. வேலியே பயிரை மேயும்போது வயலைக் காக்கச் சொல்லி யாரிடம் முறையிடுவது?

குற்றப்புள்ளி முறை ஒன்று வரப்போகிறது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்டோ எனப்படும் அந்தச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. தவறு செய்யச் செய்யப் புள்ளிகள் ஏறும், வரம்பு தாண்டினால் லைசென்ஸ் முடங்கும். அபராதத்தைப் போல இதை வேறொருவர் கட்டித் தீர்க்க முடியாது என்பதே அதன் சிறப்பு. ஜோகன்னஸ்பர்கிலும் பிரிட்டோரியாவிலும் சோதனை முயற்சியாக 2008இல் தொடங்கியது, ஆனால் புள்ளிகள் இல்லாமல். திருத்தச் சட்டம் 2019இல் கையெழுத்தானது. 2022 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2023 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்குப் பிறகும் தேதி குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருக்கிறது. சட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, டாக்சி ஓட்டுநராகிப் பல ஆண்டுகள் அனுபவமும் பெற்றுவிட்டிருக்கும்.

நான் சொல்ல வந்ததன் மையத்துக்கு இப்போது வருகிறேன். 2010 ஆகஸ்ட் 25ஆம் நாள் காலை, கேப்டவுனுக்கு அருகே பிளாக்ஹீத் என்ற இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது; கார்கள் வரிசையாகக் காத்து நின்றன. பதினான்கு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த மினிபஸ் ஒன்று அந்த வரிசையை முந்திச் சென்று, கேட்டைச் சுற்றித் தண்டவாளத்தில் ஏறியது. ரயில் மோதிப் பத்துப் பிள்ளைகள் இறந்தார்கள். உயர்நீதிமன்றம் ஓட்டுநரைக் கொலைக் குற்றவாளி என்று அறிவித்து இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அதை மாற்றி, அலட்சியத்தால் விளைந்த மரணம் என்று எட்டு ஆண்டுகளாகக் குறைத்தது. அதற்கு நீதிபதிகள் கூறிய காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்த ஓட்டுநர் இதே கேட்டை இதே முறையில் இதற்கு முன்பு குறைந்தது இரண்டு முறையாவது கடந்து, ஒன்றும் நேராமல் போயிருக்கிறார். ஆகவே இந்த முறையும் ஒன்றும் நேராது என்று நம்பியிருக்கிறார். சாவு நேர்ந்தாலும் நேரட்டும் என்று அவர் துணிந்ததாகக் கொள்ள முடியாது என்றார்கள். தீர்ப்பு பலரைக் கொதிக்க வைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் இடத்தில் இருந்திருந்தால் நானும் கொதித்திருப்பேன். ஆனால் சாலையைப் பற்றி அந்தத் தீர்ப்பு சொல்வது உண்மை என்றே நினைக்கிறேன். பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான் என்கிறோம். சாலையில் அகப்படும் அந்த ஒருநாள், பிறர் செத்த நாளாக இருந்துவிடுகிறது. அதற்கு முன் தப்பிய ஒவ்வொரு முறையும், "இதில் ஆபத்தில்லை" என்று அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. முதல்முறை கேட்டைச் சுற்றிப் போன அன்று மாலையே சிறியதொரு தண்டனை, ஒரு வாரம் வண்டி ஓட்டத் தடை என்ற அளவில் நிச்சயமாகக் கிடைத்திருந்தால், இருபதா எட்டா என்று நீதிமன்றங்கள் விவாதிக்க வேண்டி வந்திருக்காது.

இந்த நாட்டில் ஆண்டுதோறும் சாலையில் ஏறத்தாழ 12,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். டாக்சியிலிருந்து இறங்கி, ஆறு தடச் சாலையைக் குறுக்கே கடப்பவர்கள் போன்றோர். காருக்குள் இருக்கும் நாம் பாவப்பட்டவர்கள் என்று எண்ணிக்கொள்வது கொஞ்சம் அதிகப்படி.

கடுமையாக நடந்துகொண்டால் சரியாகிவிடும் என்பவர்கள் 2023ஆம் ஆண்டின் கேப்டவுனைப் பார்க்கட்டும். அங்கே நகராட்சி தன் துணைவிதிகளைத் திருத்தி, டாக்சிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை விரிவாக்கியது. ஆகஸ்ட் 3ஆம் தேதி டாக்சி அமைப்பு வேலைநிறுத்தம் அறிவித்தது. மாலையில் வீடு திரும்ப வண்டியில்லாமல் ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலை வழியே நடந்தார்கள். 10ஆம் தேதி நிறுத்தம் முடிவதற்குள் வன்முறையில் ஐந்து பேர் இறந்தார்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சரே நகராட்சியின் துணைவிதி சட்டப்படி செல்லாது என்றார். நகராட்சியின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் கண்டும் காணாமலும் இருந்துவிட்டு ஒருநாள் வண்டியையே தூக்கிச் செல்வது, எதிரே இருப்பவருக்குச் சட்டமாகத் தெரியாது, வம்பாகத்தான் தெரியும். அதுவும் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு நெடுங்காலம் காத்திருப்பவருக்கு. தவிர, நகரத்தை வேலைக்குக் கொண்டுசெல்ல வேறு வண்டி இல்லாத அரசு, அந்த வண்டியோடு எவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்க முடியும்?

ஜோகன்னஸ்பர்கில் தனித்தடத்தில் ஓடும் ரியா வாயா நகரப் பேருந்து வேறு வழியைக் காட்டியது. 2009 ஆகஸ்டில் அது ஓடத் தொடங்கியபோது எதிர்ப்பும் துப்பாக்கிச் சூடும் இருந்தன. பிறகு பாதிக்கப்பட்ட தடங்களின் டாக்சி உடைமையாளர்களையே அதை நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர்களாக்கினார்கள். மாதச் சம்பளம் வாங்கும் ரியா வாயா ஓட்டுநர் சிவப்பு விளக்கில் நிற்கிறார். கூடுதல் நடையால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. திட்டம் நினைத்த அளவுக்கு வளரவில்லை, அதன் தனித்தடத்தில் இன்று டாக்சிகளே ஓடுகின்றன என்பதும் உண்மைதான். ஆனாலும் சம்பள முறை மாறினால் ஓட்டும் முறை மாறும் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. வீட்டுவேலைக்கு வரும் அம்மா ஏழரைக்கு வர வேண்டியவர் எட்டுக்கு வந்தால் முகம் சுளிக்கிறோம். அவர் அதிகாலை நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, இரண்டு டாக்சி மாறி வருகிறார். அவரை ஏழரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அவசரத்தில்தான் நம் காரை அந்த டாக்சி உரசிக்கொண்டு போகிறது. வேலை நேரத்தை அரைமணி தள்ளிவைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும் என்று வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள், பெரும்பாலோரால் முடியும். நூறு ராண்ட் நோட்டை லைசென்ஸ் அட்டைக்குள் மடித்து வைத்து மெட்ரோ போலீஸிடம், அதாவது நகராட்சிக் காவலரிடம், நீட்டுகிறவர்கள் டாக்சி ஓட்டுநர்கள் மட்டுமல்ல என்பதும் இந்த அவைக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ராபட் அணைந்திருந்தால் அது நான்கு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டிய சந்தி. உங்கள் முறையாகவே இருந்தாலும், இடப்பக்கம் ஒரு குவாண்டம் (டாக்சியாக ஓடும் டொயோட்டா வேன்) நின்றால் அதன் முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டு நகருங்கள். நடைபாதையோரம் யாராவது விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டால், உங்களுக்கு முன்னால் போகும் டாக்சி அடுத்த நொடி சமிக்ஞை இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கும் என்று கொள்ளுங்கள். ஓட்டுநரைவிட அந்த விரலே நம்பகமான சமிக்ஞை. ஹாரன் அடித்து நியாயம் கேட்க வேண்டாம். கண்ணாடியை இறக்கித் திட்டவே வேண்டாம், இது துப்பாக்கி மலிந்த நாடு.

கேள்விகளுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து தொடங்கலாம்.