சேற்றில் காணாமல் போன தோரியம்

நேயர்களுக்கு வணக்கம். வட துருவத்தில் நிலம் கிடையாது, கடல்தான். மேலே சில மீட்டர் பனி மிதக்கிறது, அவ்வளவே. பனியுகத்தில் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

2021-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் கைபர்ட் குழுவினர் நேச்சர் இதழில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஆர்க்டிக் கடலில் உப்பே இல்லாமல் போயிருந்தது, அதுவும் இரண்டு தடவை என்றார்கள். முதல் தடவை சுமார் 1,50,000 முதல் 1,31,000 ஆண்டுகளுக்கு முன். அடுத்தது 70,000 முதல் 62,000 ஆண்டுகளுக்கு முன். மேலே 900 மீட்டர் தடிமனுக்குப் பனி, அடியில் முழுக்க நன்னீர்!

கடல் எப்படி ஏரியாகும்? பனியுகத்தில் கடல் மட்டம் வெகுவாக இறங்கிவிடும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் சுமார் 120 மீட்டர் இறங்கியது. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே இருக்கும் பெரிங் நீரிணையின் ஆழமோ 50 மீட்டர்தான். அந்த வழி அடைபட்டுவிடும். அட்லாண்டிக் பக்கம் கிரீன்லாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை கடலடியில் ஒரு மேடு இருக்கிறது. அதன்மேல் பனி உட்கார்ந்தால் ஆர்க்டிக் வாய் குறுகிய பானையாகிவிடும். ஆறும் பனியுருகலும் உள்ளே வர வர, உப்பு வெளியேறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாட்சி?

சாட்சி சேற்றில். எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்றே போகிறேன். உப்புக் கடலில் யுரேனியம் எப்போதும் கரைந்திருக்கிறது, லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம். அது சிதைந்து தோரியம்-230 உண்டாகிறது. யுரேனியம் தண்ணீரிலேயே கிடக்கும். தோரியத்துக்கோ தண்ணீர் ஆகாது. விழுகிற தூசு துரும்பில் ஒட்டிக்கொண்டு அடிச்சேற்றில் போய்ப் படுத்துவிடும். ஆகவே உப்புக் கடலின் சேற்றில் தோரியம் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். அதன் அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 75,000 ஆண்டுகள். 1,50,000 ஆண்டுகள் போனாலும் கால் பங்கு மிஞ்சும். கைபர்ட் குழு பார்த்த சில அடுக்குகளில் அந்தக் கூடுதல் இல்லை. தோரியம் இல்லை, எனவே யுரேனியம் இல்லை, எனவே உப்பு இல்லை.

அழகான வாதம். ஆனால் கவனியுங்கள், எல்லாம் ஓர் ‘இல்லை’யின் மேல் நிற்கிறது. மேலே 900 மீட்டர் பனி மூடிக் கிடந்தால் தூசு எங்கிருந்து விழும்? தோரியம் உண்டாகியும் கீழே இறங்க வாகனம் இல்லாமல் போயிருக்கலாமே! ஓர் ‘இல்லை’க்கு இரண்டு காரணம் இருக்க முடியும். இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

எதிர்த்தவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். ஃபோராமினிஃபெரா என்று ஒரு நுண்ணுயிர், உப்பு நீரில் வாழ்வது. நன்னீர் என்று சொல்லப்பட்ட காலத்துச் சேற்றில் அதன் ஓடுகள் கிடக்கின்றனவே, எப்படி வந்தன? அந்த அடுக்கின் வயதே தப்பு என்று பதில் வரும். ஆர்க்டிக்கில் வயது என்பது பெரிய வம்பு. ஆயிரம் ஆண்டுக்குச் சேறு மில்லிமீட்டர் கணக்கில் படிந்ததா, சென்டிமீட்டர் கணக்கிலா என்றே நெடுநாள் சண்டை நடந்திருக்கிறது.

அப்புறம் 2025-இல் நார்வேயின் யோகன் க்னீஸ் குழுவினர், நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் வடக்கேயும், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே இருக்கும் நார்டிக் கடல்களிலும் எடுத்த சேற்றைப் படித்தார்கள். கடற்பனியில் வாழும் பாசி விட்டுச்செல்லும் ஐபி25 என்ற கொழுப்புப் பொருளைத் தேடினார்கள். அங்கேயும் அதே வம்புதான்: பனியே இல்லாவிட்டாலும் ஐபி25 இருக்காது, பனி மிகத் தடித்தாலும் இருக்காது. அதனால் திறந்த நீரில் வாழும் பாசியின் தடத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். கடந்த 7,50,000 ஆண்டுகளில் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போகும் பனிதான், நிரந்தர மூடி அல்ல என்பது அவர்கள் முடிவு. எனக்கு இது கூடுதல் நம்பிக்கை தருகிறது. இங்கே ‘இருக்கிறது’ பேசுகிறது. ஆனால் அவர்கள் பார்த்தது ஆர்க்டிக் அட்லாண்டிக்கோடு சேரும் வாசற்பக்கம். நடு ஆர்க்டிக்கின் கதையை வாசலில் நின்று முழுக்கச் சொல்ல முடியுமா என்று கைபர்ட் பக்கத்தார் கேட்கலாம்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தென் துருவத்தைச் சொல்லவே இல்லை! ஒரே வாக்கியம்: பனியுகத்தில் காற்றிலிருந்த கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 180-க்கு இறங்கியது, குறைந்ததில் பெரும்பகுதியைத் தெற்குப் பெருங்கடல் பிடித்து வைத்திருந்தது என்று பலர் கருதுகிறார்கள், மேலே பனி மூடியதாலா அடியில் நீர் கலக்காததாலா என்பதில்தான் தகராறு. வணக்கம்.