அட்டையை மாற்றினால் ஆள் மாறுவார்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மௌனப் படம் என்றதும் பலருக்குச் சாப்ளின்தான் நினைவுக்கு வருவார். நான் பேச வந்தது சிரிப்புப் படங்களைப் பற்றியல்ல, கைக்குட்டை நனைக்கும் அழுகைப் படங்களைப் பற்றி.

1915இல் அமெரிக்காவில் செசில் டிமில் 'த சீட்' என்றொரு படம் எடுத்தார். அதில் வசதியான யப்பானிய வியாபாரி ஒருவர், தன்னிடம் பணம் வாங்கிய வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பார். நடித்தவர் செசு ஹயகாவா, அசல் யப்பானியர். அங்கிருந்த யப்பானியர்கள் கொதித்துப் போனார்கள். உலகப் போரில் யப்பானோ அமெரிக்காவின் பக்கம். என்ன செய்தார்கள் தெரியுமா? 1918இல் படத்தைத் திரும்ப வெளியிட்டபோது, காட்சிகளுக்கு நடுவே வசனமும் விவரமும் காட்டும் எழுத்து அட்டைகளில் கைவைத்தார்கள். வில்லன் பர்மாக்காரன் ஆகிவிட்டான்! அதே முகம், அதே சூடு. பர்மாவுக்காகச் சண்டை பிடிக்க அங்கே யார் இருந்தார்கள்?

மௌனப் படத்தின் வசதி இது. குரல் கிடையாது, ஊரையும் சாதியையும் அட்டைதான் சொல்லும். இந்தியப் படங்களின் முன்னோடி பால்கேயின் 1917 'லங்கா தகன'த்தில் சாலுங்கே என்ற ஆண் இராமராகவும் வருவார், சீதையாகவும் வருவார். சனம் கும்பிட்டது. ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண் சுலோசனா என்ற பெயரில் பம்பாயின் பெரிய நட்சத்திரமானார். பேசும் படம் வந்த பிறகுதான் பாவம், உட்கார்ந்து இந்துஸ்தானி படிக்க வேண்டி வந்தது.

சரி, அட்டையால் எல்லாம் முடியுமா? அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே. சி. டேனியல் சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம். அட்டையில் நாயகி உயர்சாதி நாயர் வீட்டுப் பெண். நடித்தவர் பி. கே. ரோசி, புல்லறுத்துப் பிழைத்த தலித் பெண். திருவனந்தபுரத்தில் திரையிட்டதும் கல் பறந்தது. ஆண் சீதையைக் கும்பிட்ட காலத்தில் இந்தப் பெண்ணைப் பொறுக்க முடியவில்லை. ரோசி ஊரைவிட்டே ஓடினார். நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை.

இந்தப் படத்தில் நமக்கும் பங்குண்டு. கதையில் பணக்காரர் ஒருவரின் பிள்ளையைக் கடத்திக்கொண்டு வருவது எங்கே? இலங்கைக்கு. இங்கே ஒரு தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, வெள்ளைக்காரருக்குப் பிடித்துப்போய், அவன் தொரையாகவே, அதாவது தோட்டத்தை நடத்தும் அதிகாரியாகவே, ஆகிவிடுகிறான். மலையகத்திலிருந்து வந்தவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. அந்தக் காலத்தில் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், கிடந்த எந்தக் கூலி தொரை ஆனார்? இவனால் முடிந்தது, ஏனென்றால் இவன் பெரிய வீட்டுப் பிள்ளை. அழுகைப் படத்தின் பழைய சட்டம் அது: ஏழை உயர்ந்துவிட்டானா, அவன் பிறப்பில் ஏழையே இல்லை என்பது கடைசி ரீலில் தெரியவரும். மச்சமோ தழும்போ காட்டிக்கொடுக்கும்.

இவனோடு கொழுந்தும் கூடையுமாக நின்றவர்கள் இருந்தார்களே, அவர்களுக்கு எந்த ரீலிலும் மச்சம் கிடையாது. படத்தின் பிரதி அழிந்துவிட்டது. அவர்களில் ஒருவருக்காவது பெயர் போட்ட அட்டை இருந்ததா என்று பார்க்க இனி வழியில்லை.